சென்னையில் பரதநாட்டியப் பயிற்சி

சென்னையில் பரதநாட்டியப் பயிற்சி என்பது மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, திருவான்மியூர் முதலிய பகுதிகளில் தனி ஆசிரியர்களாலும் நடனப் பள்ளிகளாலும் கல்வி நிறுவனங்களாலும் அளிக்கப்படும் நடனக் கல்வியைக் குறிக்கும். பரதநாட்டியத்தின் தாய்நிலம் தஞ்சாவூரும் அதைச் சூழ்ந்த காவிரிப் படுகையும் ஆகும். எனினும், கட்டணம் செலுத்திக் குறித்த நேரத்தில் வகுப்புக்குச் சென்று, எக்குடும்பத்தில் பிறந்தவரும் இக்கலையைக் கற்கலாம் என்ற முறை 1930களில் தொடங்கிச் சென்னையிலேயே பெரிதும் உருப்பெற்றது. அதற்கு முன்னர் இது பெரும்பாலும் குறிப்பிட்ட சில குடும்பங்களுக்குள்ளேயே கற்பிக்கப்பட்டு வந்தது. இன்று முதல் நாள் வகுப்புக்குச் செல்லும் மாணவர் பயிலும் அடவுகளும், பயிலும் வரிசையும், இறுதியில் நிகழும் அரங்கேற்றமும் அக்குடும்பங்களின் வழி வந்தவையே.

பெயர்

இந்நடனம் முன்னர் சதிர், தாசியாட்டம், சின்ன மேளம் என்னும் பெயர்களால் அழைக்கப்பட்டது. கோயில்களில் நாகசுரமும் தவிலும் இசைப்போர் பெரிய மேளம் எனவும், நடனமாடுவோரும் அவர்களுடன் இசைப்போரும் சின்ன மேளம் எனவும் வழங்கப்பட்டனர். பரதநாட்டியம் என்னும் பெயர் 1930களில் சென்னையில் பரவலாக வழக்குக்கு வந்தது. நாட்டிய சாத்திரத்தை இயற்றியவராகக் கருதப்படும் பரத முனிவரின் பெயரை இது நினைவூட்டுகிறது. பாவம், இராகம், தாளம் ஆகிய மூன்றன் முதலெழுத்துகள் சேர்ந்து பரதம் என்றானதாகக் கூறும் விளக்கமும் வகுப்புகளில் மாணவர்களுக்குச் சொல்லப்படுவது வழக்கம்.

வரலாறு

சதிரும் நட்டுவனார் மரபும்

சதிர் ஆடியவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். அவர்களுக்குப் பயிற்சியளித்து, நிகழ்ச்சியின்போது கைத்தாளம் தட்டிச் சொற்கட்டுகளைக் கூறி வழிநடத்தியவர்கள் நட்டுவனார்கள். நட்டுவனார் குடும்பங்களும் ஆடும் பெண்களின் குடும்பங்களும் பின்னர் இசை வேளாளர் என்னும் பெயரால் அறியப்பட்டன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மராத்திய அரசவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு உடன்பிறந்தோர் தஞ்சை நால்வர் எனப்படுகின்றனர். இவர்கள் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். இன்று ஒரு நடன நிகழ்ச்சியில் உருப்படிகள் ஆடப்படும் வரிசையை முறைப்படுத்தியவர்களாக இவர்கள் கருதப்படுகின்றனர். இவர்களின் வழிவந்தவர்களும் மாணவர்களும் பந்தநல்லூர், வழுவூர் முதலிய ஊர்களில் இக்கலையைக் காத்து வந்தனர். இன்று பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி எனப்படுபவை இவ்வூர்களின் பெயரால் அமைந்தவையே.

தடையும் மீட்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறைக்கும் அவர்களது ஆட்டத்துக்கும் எதிரான இயக்கம் வலுப்பெற்றது. 1927இல் சென்னைச் சட்ட மன்ற மேலவையில் உறுப்பினராக இருந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்ய வேண்டும் என வலியுறுத்தினார். இசை வேளாளர் மரபைச் சேர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இம்முறையை ஒழிக்கப் போராடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் எனக் கூறி எதிர்த்தனர். நீண்ட விவாதத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இதே காலத்தில் வழக்குரைஞர் ஈ. கிருஷ்ண ஐயர், முறையை எதிர்க்கலாம், ஆனால் கலையை அழித்தல் ஆகாது என்று வாதிட்டார். தாமே சதிர் பயின்று பெண் வேடமிட்டு மேடைகளில் ஆடியும் காட்டினார். 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாதெமியின் செயலர்களுள் ஒருவராக இருந்த அவரது முயற்சியால், 1931 மார்ச்சு 15 அன்று திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் அகாதெமியில் ஆடினர். கோயிலிலும் திருமண வீடுகளிலும் ஆடப்பட்ட நடனம், சபா மேடையில் நகர்ப்புற நடுத்தர வகுப்பினர் முன் வைக்கப்பட்டதன் தொடக்க நிகழ்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

கலாசேத்திரா

பிரம்மஞான சபையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986), உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவுடன் ஏற்பட்ட நட்பால் முதலில் பாலே பயின்றவர். தம் நாட்டின் நடனத்தைக் கற்குமாறு பாவ்லோவா ஊக்குவித்ததாகக் கூறப்படுகிறது. பின்னர் அவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்றார். கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த தேவதாசி மரபினர். அபிநயத்தில் பெரும் புலமை உடையவர்.

1935 டிசம்பரில் அடையாற்றில் நடைபெற்ற பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி மேடையேறினார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர் இந்நடனத்தைப் பலரறிய ஆடியது அக்காலத்தில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. அடுத்த ஆண்டு, 1936இல், பின்னாளில் கலாசேத்திரா எனப் பெயர்பெற்ற நிறுவனத்தை அவர் அடையாற்றில் தொடங்கினார். அது 1962இல் திருவான்மியூரில் உள்ள தற்போதைய வளாகத்துக்கு மாறியது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நாட்டின் முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

கலாசேத்திராவில் அடவுகள் வரிசைப்படுத்தப்பட்டு, ஒரே வகுப்பில் பல மாணவர்கள் ஒருசேரப் பயிலும்வண்ணம் அமைக்கப்பட்டன. ஆடுபவரின் பின்னால் நின்று அவருடன் நகர்ந்த இசைக்குழு, மேடையின் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. உடையும் அணியும் மாற்றியமைக்கப்பட்டன. காதலை வெளிப்படையாகப் பாடும் சில பதங்களும் சாவளிகளும் தவிர்க்கப்பட்டன.

பாலசரஸ்வதி

இம்மாற்றங்களை ஏற்காதவர்களுள் முதன்மையானவர் த. பாலசரஸ்வதி (1918–1984). வீணை தனம்மாளின் பேத்தியான இவர், கந்தப்ப பிள்ளையிடம் பயின்றார். சிருங்காரமே இக்கலையின் உயிர் என்றும், தூய்மைப்படுத்த வேண்டிய மாசு எதுவும் அதில் இல்லை என்றும் அவர் கருதினார். 1953இல் மியூசிக் அகாதெமியின் ஆதரவில் அவரது நடனப் பள்ளி தொடங்கப்பட்டது. 1973இல் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது, இசைக் கலைஞர் அல்லாத ஒரு நடனக் கலைஞருக்கு என்ற வகையில் இவருக்கு வழங்கப்பட்டது தனிச்சிறப்பாகும்.

நட்டுவனார்களின் சென்னை வருகை

கோயில் மானியமும் குறுநில அரசர்களின் ஆதரவும் குறைந்தபோது தஞ்சைப் பகுதி நட்டுவனார்கள் சென்னைக்கு வந்தனர். சபாக்களும், திரைப்பட நிறுவனங்களும், மகளுக்கு நடனம் கற்பிக்க விரும்பிய நடுத்தரக் குடும்பங்களும் அவர்களுக்குப் புதிய ஆதரவாளர்களாயினர். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்ற குமாரி கமலா, 1947இல் வெளிவந்த நாம் இருவர் திரைப்படத்தின் மூலம் இந்நடனத்தைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றார். கே. என். தண்டாயுதபாணி பிள்ளையும் சென்னையில் பள்ளி நடத்தியதோடு திரைப்படங்களுக்கு நடனம் அமைத்தார். ஆண்களே செய்துவந்த நட்டுவாங்கத்தில் பெயர்பெற்ற முன்னோடிப் பெண் கே. ஜே. சரசா ஆவார். பின்னாளில் தமிழக முதலமைச்சரான ஜெ. ஜெயலலிதா இவரிடம் பயின்று 1960இல் மயிலாப்பூர் இரசிக இரஞ்சனி சபாவில் அரங்கேறினார்.

பயிற்சியின் தொடக்கம்

குழந்தைகள் பொதுவாக 5 முதல் 8 அகவைக்குள் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். பெரியவர்கள் கற்கத் தொடங்குவதற்குத் தடை ஏதுமில்லை. அவர்களுக்கெனத் தனி வகுப்பு நடத்துவோரும் உள்ளனர். விசயதசமி நாளில் சேர்வது பலரும் பின்பற்றும் வழக்கம். அன்று தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், தட்சணை வைத்து ஆசிரியரை வணங்கிப் பயிற்சி தொடங்கப்படும்.

பயிற்சிக்குப் பருத்திச் சேலையைக் காற்சட்டையின் மேல் முழங்காலளவில் கட்டுவர். சிறுமிகளுக்குச் சுடிதாரும் துப்பட்டாவும் பல இடங்களில் போதுமானவை; ஆண்கள் வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டுவர். பாதங்களில் எதுவும் அணிவதில்லை. தொடக்கத்தில் சலங்கையும் கட்டுவதில்லை. ஆசிரியர் தரையில் அமர்ந்து, மனை எனப்படும் மரப்பலகையைத் தட்டுக்கழியால் தட்டித் தாளமிடுவார். ஒவ்வொரு வகுப்பும் நிலத்தை வணங்கும் நமசுகாரத்தில் தொடங்கி அதிலேயே முடியும். காலால் மிதிக்கப்படும் பூமியிடம் பொறுத்தருள வேண்டுவதாக இதற்குப் பொருள் கூறப்படும்.

அரைமண்டி

நின்ற நிலைக்கும் முழுதாகக் குந்திய முழுமண்டி நிலைக்கும் இடைப்பட்டது அரைமண்டி ஆகும். குதிகால்கள் அருகருகே இருக்க, பாதங்கள் இருபுறமும் விரிய, முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்க, முதுகு நேராக நிற்க வேண்டும். பெரும்பாலான அடவுகள் இந்நிலையிலேயே ஆடப்படுகின்றன.

புதிதாகக் கற்போர் பலரும் இடறும் இடம் இதுவே. கால் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பு விரியாமல் பாதங்களை மட்டும் திருப்பினால் முழங்கால் திருகப்பட்டு நாளடைவில் வலி உண்டாகும். முழங்கால் மடங்கும் திசையும் கால்விரல் நோக்கும் திசையும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் பார்ப்பது எளிய சோதனையாகும். முதல் மாதங்களில் எவ்வளவு தாழ அமர்கிறார் என்பதைவிட, எவ்வளவு நேரம் முதுகு சாயாமல் அமர்கிறார் என்பதே முக்கியம்.

அடவுகள்

அடவு என்பது பாதம் தட்டுதல், கை நீட்டுதல், முத்திரை, பார்வை ஆகியவை இணைந்த மிகச் சிறிய நடன அலகு ஆகும். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போல அடவுகள் சேர்ந்து ஒரு கோர்வையாகின்றன. ஒவ்வோர் அடவுக்கும் உரிய சொற்கட்டு உண்டு. எண்ணிக்கையும் வரிசையும் பாணிக்குப் பாணி வேறுபடும். பெரும்பாலான வகுப்புகளில் கற்பிக்கப்படும் வகைகளுள் சில:

தட்டடவு: அரைமண்டியில் இருந்து பாதம் முழுவதையும் தூக்கித் தட்டுதல். சொற்கட்டு: தெய்யா தெய். கைகள் இடுப்பில் இருக்கும். முதலில் கற்பிக்கப்படுவது இதுவே.
நாட்டடவு: காலை நீட்டிக் குதிகாலை நிலத்தில் ஊன்றுதல். சொற்கட்டு: தெய்யும் தத் தெய்யும் தா. கையசைவு இங்கே சேர்கிறது.
குதித்துமெட்டடவு: முன்பாதத்தில் குதித்துக் குதிகாலை இறக்குதல். சொற்கட்டு: தெய் ஹத் தெய் ஹி.
தட்டிமெட்டடவு: பாதத்தைத் தட்டியும் குதிகாலை மெட்டியும் 3, 4, 5, 7, 9 என்னும் கணக்குகளில் ஆடுதல்.
மண்டியடவு: முழுமண்டியிலும் முழங்காலை நிலத்தில் ஊன்றியும் ஆடுதல்.
சறுக்கலடவு: பாதத்தைத் தரையோடு வழுக்கி நகர்த்துதல்.
தீர்மான அடவு: ஒரு கோர்வையை முடித்து வைக்கும் அடவு, மும்முறை ஆடப்படும்.

வாரம் இருமுறை வகுப்புக்குச் செல்லும் ஒருவர் அடவுகளை ஓரளவு முடிக்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆவது இயல்பு. வீட்டில் நாள்தோறும் சிறிது நேரமேனும் பழகாதவர்க்கு இது மேலும் நீளும்.

தாளமும் கணக்கும்

ஒவ்வோர் அடவும் மூன்று காலங்களில் ஆடப்படும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 அட்சரங்கள் உண்டு. தட்டடவின் முதல் வகையில், முதற் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு தட்டாக 8 தட்டுகளும், இரண்டாம் காலத்தில் 16 தட்டுகளும், மூன்றாம் காலத்தில் 32 தட்டுகளும் அமையும். தாளத்தின் வேகம் மாறுவதில்லை. அதற்குள் அடங்கும் தட்டுகளின் எண்ணிக்கையே இரட்டிக்கிறது. விரைவாக ஆடுவதே மூன்றாம் காலம் என எண்ணித் தாளத்தையும் சேர்த்து விரைவுபடுத்துவது தொடக்க மாணவர்கள் செய்யும் பொதுவான பிழையாகும்.

ஓர் அட்சரத்தை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது என்பதைக் கொண்டு திச்ரம் (3), சதுச்ரம் (4), கண்டம் (5), மிச்ரம் (7), சங்கீர்ணம் (9) என ஐந்து வகைகள் உண்டு. சதுச்ர நடையில் ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு 8 × 4 = 32 மாத்திரைகள். தீர்மானங்கள் இக்கணக்கின் மீதே கட்டப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, தா திங் கி ண தொம் என்னும் சொற்கட்டு 5 மாத்திரை கொண்டது. அதை மும்முறை ஆட 15 மாத்திரை வேண்டும். 32இல் 15 போக எஞ்சுவது 17. ஆகவே 18ஆவது மாத்திரையில் தொடங்கினால் மூன்றாவது சொற்கட்டு 32ஆவது மாத்திரையில் முடிந்து, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டான சமத்தில் ஆடுபவர் சரியாக வந்து நிற்பார். நடன நிகழ்ச்சியில் அவையோர் கைதட்டும் இடங்களுள் பல இத்தகைய கணக்கு நிறைவுறும் இடங்களே.

முத்திரையும் அபிநயமும்

அடவுகளோடு கை முத்திரைகளும் கற்பிக்கப்படுகின்றன. நந்திகேசுவரர் இயற்றியதாகக் கூறப்படும் அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நூலே இதற்குப் பெரும்பாலும் அடிப்படை. ஒற்றைக்கை முத்திரைகள் 28, இரட்டைக்கை முத்திரைகள் 24 என்பது வகுப்புகளில் வழங்கும் கணக்கு. தலையசைவு 9, கண்ணசைவு 8, கழுத்தசைவு 4 என்பவையும் இந்நூலின் வழியே மனப்பாடமாகக் கற்பிக்கப்படும்.

ஒரு முத்திரைக்கு ஒரே பொருள் என்பதில்லை. பதாகம் எனப்படும் விரித்த கை, இடத்துக்கேற்ப மேகம், காடு, ஆறு, தடுத்தல், வாழ்த்துதல் ஆகிய பலவற்றைக் குறிக்கும். எது எனத் தீர்மானிப்பது முகமும் பார்வையும் பாடலும் ஆகும். பாட்டின் பொருளை இவ்வாறு புலப்படுத்துவது அபிநயம் அல்லது நிருத்தியம் எனப்படும். பொருள் சுட்டாத தூய அசைவு நிருத்தம் எனப்படும்.

மார்க்கம்

உருப்படிகளை வரிசையாக ஆடும் முறை மார்க்கம் எனப்படும். அதன் பொதுவான வரிசை பின்வருமாறு:

அலாரிப்பு: பாடலின்றிச் சொற்கட்டுக்கு மட்டும் ஆடும் சிறிய தொடக்கம்.
சதிசுவரம்: சுவரங்களுக்கு அமைந்த நிருத்தம்.
சப்தம்: முதன்முதலாகப் பாடற்பொருள் நுழையும் உருப்படி.
வர்ணம்: நிருத்தமும் அபிநயமும் மாறிமாறி வரும் மையப்பகுதி. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும்.
பதம், சாவளி, கீர்த்தனை: அபிநயத்துக்கு உரியவை.
தில்லானா: விறுவிறுப்பான நிறைவு.

1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில் பாலசரஸ்வதி இவ்வரிசையைக் கோயில் வழிபாட்டுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், சதிசுவரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணம் இறைவனின் சன்னிதி, ஆரவாரம் அடங்கிய பதம் கருவறையின் அமைதி, தில்லானா கற்பூர ஆரத்தி என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

சலங்கைப் பூசையும் அரங்கேற்றமும்

அடவுகளை முடித்துச் சில உருப்படிகளைக் கற்ற மாணவருக்குச் சலங்கைப் பூசை நடத்தப்படும். வழிபட்ட சலங்கையை ஆசிரியர் கையிலிருந்து பெற்றுக் கட்டி, கற்ற உருப்படிகளை உறவினர் முன் ஆடுவது இதன் முறை.

அரங்கேற்றம் என்பது முழு மார்க்கத்தையும் தனியாக, நேரடி இசைக்குழுவுடன், ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆடுவதாகும். தேவதாசி மரபில் இது ஒரு பெண் தொழில்முறைக் கலைஞராவதன் தொடக்கமாக இருந்தது. இன்று பெரும்பாலோருக்கு இது பள்ளிப் பருவத்தில் நிகழும் நிறைவு விழாவாக மாறிவிட்டது. உயர்கல்விக்குச் சென்றபின் சலங்கையைக் கழற்றி வைப்போர் பலர்.

அரங்க வாடகை, பாடகர், மிருதங்கம், வயலின் அல்லது வீணை, புல்லாங்குழல் கலைஞர்களின் சன்மானம், அவர்களுடனான ஒத்திகைகள், பட்டு உடைகள், கோயில் நகை, ஒப்பனை, அழைப்பிதழ், விருந்து, ஒளிப்படம், ஆசிரியருக்கான குருதட்சணை என இதன் செலவு இலட்சக்கணக்கில் செல்வதுண்டு. வகுப்புக் கட்டணத்தைச் செலுத்த இயன்ற குடும்பங்கள்கூட இதனால் பின்வாங்குகின்றன. அரங்கேற்றம் கட்டாயமன்று. கல்லூரிப் பட்டயத்துக்கோ பட்டத்துக்கோ அது தேவைப்படுவதில்லை. பல மாணவர்கள் ஒரே மேடையில் குழுவாக ஆடுவது, கோயில் மண்டபத்தில் எளிமையாக ஆடுவது முதலிய மாற்றுவழிகளைப் பின்பற்றும் ஆசிரியர்களும் உள்ளனர்.

பயிற்சி இடங்கள்

சென்னையில் கற்பிக்கும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

நிறுவனங்கள்: திருவான்மியூர் கலாசேத்திராவில் உள்ள ருக்மிணி தேவி கவின்கலைக் கல்லூரி நான்காண்டுப் பட்டயப் படிப்பை அளிக்கிறது. 1949இல் மத்தியக் கருநாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி, அடையாற்றங்கரையில் உள்ள பிராடி மாளிகையில் அமைந்துள்ளது. இங்கு அரசுக் கட்டணத்தில் நடனம் பயிலலாம். சிறுவர்களுக்கு அரசின் சவகர் சிறுவர் மன்றத்திலும் குறைந்த கட்டணத்தில் பயிற்சி கிடைக்கிறது.

கலைஞர்கள் நிறுவிய பள்ளிகள்: திரைப்பட இயக்குநர் கே. சுப்பிரமணியம் 1942இல் தொடங்கிய நிருத்யோதயா, தனஞ்செயன் இணையர் 1968இல் அடையாற்றில் தொடங்கிய பரத கலாஞ்சலி, சுதாராணி இரகுபதி 1970இல் தொடங்கிய சிறீ பரதாலயா, சித்ரா விசுவேசுவரன் 1975இல் தொடங்கிய சிதம்பரம் நடனப் பள்ளி ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள்.

வீட்டு வகுப்புகள்: எண்ணிக்கையில் மிகுதியானவை இவையே. ஆசிரியரின் வீட்டுக் கூடம், மொட்டை மாடி, அடுக்ககப் பொது அறை, பள்ளிக்கூட வகுப்பறை, கோயில் மண்டபம் ஆகிய இடங்களில் மாலையிலும் வார இறுதியிலும் நடைபெறுகின்றன.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

கற்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்வது நன்று.

ஆசிரியர் யாரிடம் பயின்றவர், எப்பாணியைக் கற்பிக்கிறார் என்பதை அறிய வேண்டும். இடையில் பாணி மாறினால் அடவுகளை மீண்டும் கற்க நேரிடும்.
ஆசிரியர் நேரில் தாளமிடுகிறாரா, ஒலிப்பதிவை மட்டும் ஓட விடுகிறாரா எனப் பார்க்க வேண்டும். மாணவரின் தவற்றைக் கண்டு நிறுத்த ஒலிப்பதிவால் இயலாது.
தரை கவனிக்கத்தக்கது. கருங்கல், பளிங்கு, சிமெந்துத் தரைகளில் நாள்தோறும் ஓங்கித் தட்டுவது குதிகாலையும் முழங்காலையும் வருத்தும். மரத்தளம் சிறந்தது; அது இல்லாத இடத்தில் உடலைச் சூடேற்றும் பயிற்சியும் இடைவேளையும் இன்றியமையாதன.
ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள், ஒவ்வொருவரையும் தனியே திருத்த நேரம் உண்டா என்பதைக் கேட்டறிய வேண்டும்.
சலங்கைப் பூசை, அரங்கேற்றம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைச் சேரும்போதே கேட்பதில் தவறில்லை.
வகுப்பைப் பெற்றோர் பார்வையிட இசைவு உண்டா எனக் கேட்க வேண்டும். உடல்நிலையைக் கையால் தொட்டுத் திருத்தும் வழக்கம் உள்ள கலையாதலால், மாணவரின் ஒப்புதலும் பாதுகாப்பும் முதன்மையானவை. 2023 மார்ச்சில் கலாசேத்திரா மாணவர்கள் பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்து வளாகத்தில் போராடினர். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குரு சொல்லுக்கு மறுசொல் இல்லை என்னும் மரபு, முறையிடும் உரிமைக்குத் தடையாகக் கூடாது என்னும் கருத்து இதன்பின் வலுப்பெற்றது. சிறார்க்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நடன வகுப்புக்கும் பொருந்தும்.

பார்த்துக் கற்றல்

வகுப்பில் கற்பது போலவே பிறர் ஆடுவதைப் பார்ப்பதும் பயிற்சியே. மார்கழி மாதத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் நாள்தோறும் நடன நிகழ்ச்சிகள் நடைபெறும். வளரும் கலைஞர்கள் ஆடும் பிற்பகல் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருப்பதில்லை. தியாகராய நகர் கிருஷ்ண கான சபா 1981 முதல் நடத்தும் நாட்டியக் கலை மாநாட்டில் செயல்முறை விளக்கத்துடன் கூடிய உரைகள் இடம்பெறுகின்றன. மியூசிக் அகாதெமி 2007 முதல் சனவரியில் தனி நடன விழா நடத்துகிறது. அடவுகளைக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர், முன் வரிசையில் இல்லாவிடினும், ஆடுபவரின் பாதத்தையும் நட்டுவனாரின் கைத்தாளத்தையும் சேர்த்துக் கவனித்தால், தாம் தனித்தனியே கற்றவை எவ்வாறு கோர்க்கப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ளலாம்.

கூடி ஆடும் நடனங்களுடன் ஒப்பீடு

அர்கெந்தீனாவின் டாங்கோ நடனத்தின் வரலாறு பரதநாட்டியத்தோடு ஒப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெனசு ஐரிசு, மொண்டேவீடியோ நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் தோன்றிய டாங்கோ, உயர்குடியினரால் இழிவாகக் கருதப்பட்டது. 1910களில் பாரிசில் அது நாகரிகமாகக் கொண்டாடப்பட்ட பின்னரே தாயகத்தில் மதிப்புப் பெற்றது. 2009இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இழிந்ததெனத் தள்ளப்பட்ட ஆட்டம் பின்னர் நாட்டின் பெருமையாக முன்வைக்கப்பட்டது என்னும் வகையில் இரண்டும் ஒத்தவை.

கற்கும் முறையில் அவை வேறுபடுகின்றன. டாங்கோ இருவர் இணைந்து ஆடுவது. சில மாதங்கள் பயின்றவரும் மிலோங்கா எனப்படும் நடனக் கூடலுக்குச் சென்று, அறிமுகமில்லாத துணையுடன் மூன்று நான்கு பாடல்களுக்கு ஆடலாம். தேர்ந்தவரும் புதியவரும் ஒரே தளத்தில் ஆடுவதே அங்குப் பயிற்சி. பரதநாட்டியத்தில் வகுப்பறைக்கும் மேடைக்கும் இடையே அத்தகைய பொதுத்தளம் இல்லை. தமிழரிடையே அந்த இடத்தை நிரப்புவன கும்மியும் கோலாட்டமும் ஆகும். அவற்றில் வட்டத்தில் சேர்வதற்கு அரங்கேற்றம் வேண்டியதில்லை. அடவு முடித்த மாணவர்கள் மாதம் ஒருமுறையேனும் ஒருவர் முன் ஒருவர் ஆடிக்காட்டும் வழக்கத்தைச் சில ஆசிரியர்கள் ஏற்படுத்தியிருப்பது இக்குறையை ஓரளவு போக்குகிறது.

விவாதங்கள்

1930களின் மாற்றம் இக்கலையின் கதவைத் திறந்தது என்பதும், அதே கதவு வேறு சிலருக்கு மூடப்பட்டது என்பதும் ஒருசேர உண்மையாகும். எக்குடும்பத்தவரும் கற்கலாம் என்ற நிலை வந்த அதே தலைமுறையில், இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை விட்டு விலகினர். தம் மரபு வெளியில் தெரிவது மகள்களின் திருமணத்துக்கும் மதிப்புக்கும் தடையாகும் என அஞ்சி, கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடாது விட்டவர்கள் உண்டு. பலருக்கு அபிநயம் கற்பித்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் தம் முதுமையில் வறுமையுற்று 1971இல் மறைந்தார்.

சாதியும் பாலினமும் வகுத்த எல்லைகளைக் கடந்து வந்தவர்களும் உள்ளனர். மதுரையில் பிறந்த திருநங்கையான நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல்லாண்டுகள் பயின்று, சென்னையில் ஆடியும் கற்பித்தும் வருகிறார். 2019இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. முன்னர்ப் பிறப்பு இருந்த இடத்தில் இன்று பணம் தடையாக நிற்கிறது என்பதும், அரசுக் கல்லூரிகளும் மன்றங்களும் குறைந்த கட்டண வகுப்புகளுமே அதைக் குறைக்க வல்லவை என்பதும் இத்துறையில் தொடர்ந்து பேசப்படும் கருத்துகளாகும். முதல் நாள் வகுப்பில் கற்பிக்கப்படும் தெய்யா தெய் என்னும் சொற்கட்டு நட்டுவனார்களின் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது என்பதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது இசை வேளாளர் மரபைச் சேர்ந்த கலைஞர்கள் முன்வைக்கும் கோரிக்கைகளுள் ஒன்றாகும்.